இளங்கன்றுகளின் நோய் எதிர்ப்புத் திறன்

பிறந்த கன்றின் இரத்தத்தில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் ஏறக்குறைய இல்லை எனலாம். மனிதக் கருவுக்கு நஞ்சுக்கொடி வழியாகவே தாயின் எதிர்ப்புப் புரதங்கள் வந்து சேர்கின்றன; பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. எனவே கன்றுக்கு அந்தக் காப்பு சீம்பாலிலிருந்துதான் கிடைக்க வேண்டும். கொட்டிலில் கட்டி வளர்த்தாலும், மேய்ச்சல் நிலத்தில் தாயோடு விட்டாலும், தனிக்கூண்டில் புட்டிப்பால் கொடுத்தாலும் இந்த உண்மை மாறாது.

சீம்பாலில் உள்ள இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் புரதத்தைச் சிதைக்காமல் உறிஞ்சும் ஆற்றல் கன்றின் சிறுகுடலுக்கு உண்டு. அந்த ஆற்றல் பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அற்றுவிடும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர், முதல் சில மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும். முதல் இரண்டு நாட்களில் கன்றின் இரத்தச் சீரத்தில் இப்புரதம் லிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழ் இருந்தால், தாய்வழிக் காப்பு கிடைக்கவில்லை என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

தாயிடமே ஊட்டவிடும் முறைதான் இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது என்று நினைப்பது பாதிதான் சரி. தாய் அருகில் இருந்தால் கன்று இப்புரதத்தைக் கூடுதலாக உறிஞ்சுவது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. ஆனால் தொங்கு மடியும் தடித்த காம்பும் உள்ள கலப்பினப் பசுவிடம், பலவீனமான கன்று காம்பைத் தேடியே பொழுதைக் கழித்துவிடும். எவ்வளவு குடித்தது என்பதும் தெரியாது. பிரித்து வளர்க்கும் பண்ணையில் அளவு தெரியும். அங்கே ஆள் தாமதித்தால் கன்று ஏமாந்துபோகும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் பிறந்த 6 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டும் என்கிறது.

தமிழ்நாட்டில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகே சீம்பால் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் உள்ளது. நஞ்சுக்கொடி விழ 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம். அதற்குள் குடலின் கதவு பெருமளவு மூடிவிடும். கன்று ஊட்டினால் கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடி விழ உதவும் என்பதால், காத்திருப்பது தாய்க்கும் நன்மையல்ல.

வளர்ப்பு முறையின் வேறுபாடு அடுத்த வாரங்களில்தான் கூர்மையாகத் தெரிகிறது. தாய் தந்த காப்பு நாளுக்கு நாள் கரைய, கன்றின் சொந்தத் திறன் மெல்ல வளரும். இடைப்பட்ட 2 முதல் 4 வாரங்களே கழிச்சலும் சளியும் தாக்கும் காலம். தனித்தனிக் கூண்டுகள் கிருமி பரவுவதைக் குறைக்கின்றன. ஆனால் கன்றுக்குத் துணை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 8 வாரத்துக்கு மேல் கன்றைத் தனியே அடைக்க, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, அனுமதியில்லை. கூட்டமாக வளர்க்கும்போது எண்ணிக்கை முக்கியம்: ஸ்வீடனில் நடந்த ஆய்வு ஒன்றில் 6 முதல் 9 கன்றுகள் உள்ள அறைகளைவிட, 12 முதல் 18 கன்றுகள் உள்ள அறைகளில் மூச்சு நோய்கள் மிகுந்திருந்தன. நம் கொட்டில்களில் பெரிய மாடுகளின் சாணமும் ஈரத் தரையும் கன்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

தாய்வழிப் புரதம் இரத்தத்தில் நிறைந்திருக்கும்போது போடும் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் இந்தியாவில் கோமாரித் தடுப்பூசி 4 மாத வயதில் தொடங்குகிறது. கன்றுவீச்சு நோய்க்கான ஊசி 4 முதல் 8 மாதக் கிடேரிகளுக்கு ஒரே முறை போடப்படுகிறது.