கையால் சுற்றிய செய்தி

1990 யூனில் போர் மறுபடி மூண்டதன்பின் யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் கிடந்தது. வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோனது. பெற்றோல், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப்பட்டியலில் ரோர்ச் பற்றரியும் இருந்தது. அது வெடிகுண்டுக்கு உதவும் என்பது அரசு தரப்பு நியாயம். ஆனால் பற்றரி போனதும் வீடுகளில் முதலில் வாய்மூடியது வானொலிதான்.

போரிட்ட இரு தரப்பும் சொன்னதற்கு அப்பால் ஒரு சொல் கேட்க விரும்பியவர்கள் லண்டன் பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் தேடினார்கள். செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்தார்கள். சூடேறினால் கொஞ்சநேரம் குரல் வரும். பிறகு அதுவும் இல்லை. அப்போது கைகொடுத்தது சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சூழ இருந்து கேட்டார்கள். நான் அப்போது சிறுவன். இதிற் பாதி மூத்தவர்கள் சொல்லி அறிந்தது.

இதற்குள் ஒரு கணக்கு உண்டு. டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். அதாவது அரை அம்பியர். அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். நாலு டயோட்டுகளைப் பொருத்தி அதை ஒருதிசையாக்கி, இரைச்சலைக் குறைக்க ஒரு கொண்டென்சரும் போட்டால், நாலு பற்றரி ரேடியோ பாடும். சிறிய ரேடியோ மெல்லிய சத்தத்தில் குடிப்பது சில பத்து மில்லி அம்பியர் மட்டுமே. ஆகவே மின்சாரம் குறைவாக இருக்கவில்லை. தேவைக்குப் பத்து மடங்கு இருந்தது. அதைச் சேர்த்துவைக்கும் பாத்திரம்தான் இல்லை. கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது.

அந்தப் பாத்திரம் இங்கே அஜ்மானில், நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடைக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கு உண்டு. மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் பற்றரி ஒன்று 1.2 வோல்ற், நாலுக்கு 4.8. சாதாரண பற்றரி நாலுக்கு 6. ஆனாலும் அநேக ரேடியோக்கள் இந்தக் குறைவைத் தாங்கும். பற்றரி தேயத் தேய ஓடுவதற்கென்றே அவை செய்யப்பட்டவை. 2000 மில்லி அம்பியர்-மணி கொள்ளும் பற்றரிக்கு 200 மில்லி அம்பியர் வீதம் 14 முதல் 16 மணிநேரம் ஏற்றினால் நிறைந்துவிடும். சாதாரண பற்றரிக்கு இப்படி ஏற்றக்கூடாது; கசியும், வெடிக்கவும் கூடும்.

இதே நாலு பற்றரிகள் அன்று கிடைத்திருந்தால், பகலில் ஒருமணிநேரம் சுற்றியது இரவு பல மணிநேரச் செய்தியாகியிருக்கும். தடுக்கப்பட்டது பொருள் மட்டுமல்ல. நேற்றைய உழைப்பை நாளைக்கு வைத்திருக்கும் வசதியும்தான்.

2002 சனவரியில் தடைகளிற் பெரும்பாலானவை நீங்கின. 1941 இல் தொடங்கிய தமிழோசை வானொலி 2017 இல் நின்றது. போரின் திகதிகளும் ஒப்பந்தங்களும் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த டயோட்டுகளை ஈயம் வைத்து ஒட்டிய ஊர் ரேடியோ திருத்துநர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அப்படியொரு பெட்டி யார் வீட்டிலாவது மிஞ்சியிருந்தால் வீசிவிடாதீர்கள். அதைச் செய்தவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.