ஜப்பானிய மொழிக்குத் திருக்குர்ஆனைக் கொண்டுசென்றவர்கள்

ஜப்பானும் இஸ்லாமும் என்றால் நம் கைப்பேசிகளுக்கு இரண்டு வகையான செய்திகள் வந்து சேர்கின்றன. ஜப்பானில் முஸ்லிம்களுக்குக் குடியுரிமை கிடையாது, குர்ஆனுக்கே தடை என்கிறது ஒன்று. ஜப்பான் முழுவதும் அலை அலையாக இஸ்லாத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது என்கிறது மற்றொன்று. இரண்டும் பொய். 1947ல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு எல்லோருக்கும் மதச் சுதந்திரம் அளிக்கிறது. முஸ்லிம்கள் அங்கே இன்றும் மிகச் சிறிய சமுதாயமே. இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவில், நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. சில மனிதர்களின் வரலாறு அது. அவர்களில் மூமின்களும் உண்டு, முஸ்லிமாகாத பேரறிஞரும் உண்டு, போர்க்குற்ற வழக்கில் நின்றவரும் உண்டு.

தொடக்கம் ஒரு கப்பல் விபத்து. ஜப்பானியப் பேரரசருக்கு சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் மரியாதையைத் தெரிவிக்க வந்த 'எர்துக்ருல்' என்ற உதுமானியப் போர்க்கப்பல், திரும்பும் வழியில் 1890 செப்டம்பர் 16 இரவு, வகயாமா மாகாணத்தின் ஓஷிமா தீவருகே புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தளபதி உஸ்மான் பாஷாவும் அவர்களில் ஒருவர். பிழைத்தவர்கள் 69 பேர். அந்த மீனவக் கிராமத்தார் தங்களிடமிருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வளர்த்த கோழிகளையும் கொடுத்து அவர்களைக் காப்பாற்றினார்கள். துருக்கியர்கள் இதை மறக்கவே இல்லை. ஈரான் - இராக் போரின்போது, 1985 மார்ச்சில், தெஹ்ரானில் சிக்கித் தவித்த இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியர்களைத் துருக்கி தன் விமானங்களை அனுப்பி மீட்டது.

பிழைத்தவர்களை இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் இஸ்தன்பூலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கூடவே 'ஜிஜி ஷிம்போ' நாளிதழின் நிருபர் நோடா ஷோதாரோ நிவாரண நிதியோடு போனார். சுல்தானின் விருப்பப்படி அங்கேயே தங்கி ராணுவக் கல்லூரியில் ஜப்பானிய மொழி கற்பித்தார். 1891ல் கலிமாச் சொல்லி அப்துல் ஹலீம் ஆனார். பெயர் தெரிந்த ஜப்பானிய முஸ்லிம்களில் முதல்வராக ஆய்வாளர்கள் இவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஊர் திரும்பிய பிறகு இஸ்லாமியப் பணி எதிலும் அவர் பெயர் அடிபடவில்லை. அடுத்த ஆண்டு மேலும் நிதி திரட்டிக்கொண்டு போன யமாடா தோராஜிரோ, பல ஆண்டுகள் இஸ்தன்பூலில் கடை நடத்தினார். அவர் சுல்தானுக்குக் கொடுத்த குடும்பத்துக் கவசம் இன்றும் தோப்கப்பி அரண்மனையில் இருக்கிறது.

முதல் ஜப்பானிய ஹாஜி யமாவோகா மிட்சுதாரோ. 1909ல் ஹஜ் செய்தவர். இவருடைய கதையை நம் மேடைகளில் சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள். இவர் ரஷ்ய மொழி படித்து, ரஷ்ய - ஜப்பான் போரில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ரஷ்யாவுக்கு எதிராக முஸ்லிம் உலகில் தொடர்புகளைத் தேட விரும்பிய வட்டாரங்களின் ஆதரவோடுதான் புறப்பட்டார். சைபீரியாவைச் சேர்ந்த தாத்தாரிய ஆலிம் அப்துர்ரஷீத் இப்ராஹீமை நம் பம்பாயில் சந்தித்து, அங்கே இஸ்லாத்தை ஏற்று உமர் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவருடனேயே மக்கா சென்றார். திரும்பி வந்து 1912ல் அரேபியப் பயண நூலையும் வெளியிட்டார். அப்படியானால் அந்த ஷஹாதா எப்படிப்பட்டது? நிய்யத் பற்றிய ஹதீஸ் நமக்குத் தெரியும். உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் கேட்டதும் நமக்குத் தெரியும். அவருடைய உள்ளத்தைத் தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் வரலாற்றை முழுமையாகச் சொல்வது நம் கடமை.

அதே காலத்தில் டோக்கியோ அயல்மொழிக் கல்லூரியில் உருது கற்பித்துக்கொண்டிருந்தவர் போபாலைச் சேர்ந்த மௌலவி பரகத்துல்லாஹ். பின்னாளில் 1915ல் காபூலில் அமைந்த சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசுக்குப் பிரதமரானவர் இவர்தான். டோக்கியோவில் இவர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகை பிரிட்டிஷ் அரசின் கண்ணில் உறுத்தியது. ஜப்பானிய அரசு அதை நிறுத்தியது. இவர் மூலமாக 1911ல் ஹதானோ உஹோ என்பவரும் அவருடைய மனைவியும் மாமனாரும் இஸ்லாத்தில் இணைந்தனர். பம்பாயில் வணிகம் செய்தபோது பள்ளிவாசலைக் கண்டு ஈர்க்கப்பட்ட அரிகா புன்பாச்சிரோ, அஹ்மத் அரிகா ஆனார். சீனாவில் முஸ்லிமான தனாகா இப்பெய் 1924ல் ஹஜ் செய்தார். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935ல் கோபே நகரில் திறக்கப்பட்டபோது, அதற்குப் பெரும்பங்கு பணம் கொடுத்தவர்கள் அந்தத் துறைமுகத்தில் வணிகம் செய்த இந்திய முஸ்லிம்கள்.

1930களில் ஜப்பானிய ராணுவத்துக்கு இஸ்லாத்தின் மீது திடீர் அக்கறை வந்தது. சீனாவிலும் மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இருக்கிறார்களே! 1938ல் டோக்கியோ பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, முன்னாள் பிரதமரான ஒரு தளபதியின் தலைமையில் 'மகா ஜப்பான் இஸ்லாமியச் சங்கம்' தொடங்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த மத அமைப்புகள் சட்டம் பௌத்தம், ஷிந்தோ, கிறிஸ்தவம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி ஏற்றது. இஸ்லாத்தின் பெயர் அதில் இல்லை. முஸ்லிம்கள் தேவைப்பட்டார்கள், இஸ்லாம் தேவைப்படவில்லை.

இந்தப் பின்னணியில்தான் குர்ஆன் மொழிபெயர்ப்புகளைப் பார்க்க வேண்டும். முதல் முழு மொழிபெயர்ப்பு 1920ல் சகாமோத்தோ கெனிச்சி செய்தது. ஆங்கிலத்தின் வழியே வந்தது. இரண்டாவது 1938ல், முன்பு பைபிள் மொழிபெயர்ப்பில் பங்கேற்ற தாகாஹாஷி கோரோவும் அஹ்மத் அரிகாவும் சேர்ந்து செய்தது. மூன்றாவதைச் செய்தவர் ஓகாவா ஷூமெய்.

ஓகாவா இந்தியத் தத்துவம் படித்தவர். இந்திய விடுதலையை ஆதரித்து எழுதியவர். கூடவே, ஆசியாவை வெள்ளையரிடமிருந்து மீட்கிறோம் என்ற பெயரில் ஜப்பானியப் படையெடுப்புகளுக்குக் கருத்து வலிமை கொடுத்தவர். போருக்குப் பின் டோக்கியோ நீதிமன்றத்தில் முதல்தரப் போர்க்குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். 1946 மே 3, விசாரணையின் முதல் நாள். முன்வரிசையில் அமர்ந்திருந்த முன்னாள் பிரதமர் தோஜோவின் வழுக்கைத் தலையில் பின்னாலிருந்து ஓர் அடி கொடுத்தார். மனநிலை சரியில்லை என்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அந்த மருத்துவமனையில் இருந்தபடியே குர்ஆன் முழுவதையும் மொழிபெயர்த்தார்; 1950ல் அது வெளியானது. பைத்தியம் உண்மையா நடிப்பா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு பைத்தியக்காரனின் வேலை அல்ல.

இனி இசுத்சு தோஷிஹிகோ. 1914ல் டோக்கியோவில் பிறந்தவர். தந்தை ஜென் தியானத்தில் ஊறியவர். முப்பது மொழிகள் தெரிந்தவர் என்று இவரைப் பற்றிச் சொல்வார்கள், எண்ணிக்கையை விட்டுவிடுவோம். இவருக்கு அரபி கற்றுக்கொடுத்தவர் யார் என்பதுதான் நமக்கு முக்கியம். யமாவோகாவை மக்காவுக்கு அழைத்துப் போன அதே அப்துர்ரஷீத் இப்ராஹீம் 1933ல் மீண்டும் ஜப்பானுக்கு வந்து தங்கியிருந்தார். எண்பது வயதை எட்டிய அந்தப் பெரியவரிடம் இளைஞர் இசுத்சு அரபி படித்தார். அரபியை மட்டும் தனியாகப் படிக்க முடியாது, இஸ்லாத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது உஸ்தாதின் நிபந்தனை. பிறகு மற்றொரு தாத்தாரிய ஆலிமான மூஸா ஜாருல்லாஹ் வந்தார். அவரிடம் கிதாபுகள் இல்லை; எல்லாம் மனத்தில் இருந்தன. ஸீபவைஹியின் 'அல்-கிதாப்' என்றால் நஹ்வு பாடம் எடுக்கும் நம் உஸ்தாதுகளே பெருமூச்சு விடுவார்கள். அதை மூஸா மனப்பாடமாகவே சொல்லிக்கொடுத்தார். ஒருமுறை இசுத்சுவின் புத்தக அலமாரிகளைப் பார்த்து, வீடு மாறும்போது இவற்றையெல்லாம் என்ன செய்வாய், நத்தையைப் போல முதுகில் சுமந்துகொண்டே அலைவாயா என்ற பொருளில் கேலி செய்ததை இசுத்சுவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1957 - 58ல் இசுத்சுவின் மொழிபெயர்ப்பு மூன்று தொகுதிகளாக வந்தது. அரபியிலிருந்து நேரடியாக வந்த முதல் ஜப்பானிய மொழிபெயர்ப்பு இதுவே. பழைய இலக்கிய நடையை விட்டுவிட்டு, பேசுவதுபோன்ற நடையைத் தேர்ந்துகொண்டார். குர்ஆன் முதலில் ஓதிக் கேட்கப்பட்டது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். ஜப்பானிய மொழியில் 'காமி' என்ற சொல் ஷிந்தோ தெய்வங்கள் எல்லாவற்றையும் குறிக்கும். மலைக்கும் மரத்துக்கும்கூடக் காமி உண்டு. ஆகவே பிஸ்மில்லாஹ்வில் 'அல்லாஹ்' என்பதையே எழுதினார்.

மொழிபெயர்ப்பைவிட அவருடைய ஆய்வுதான் ஆலிம்களுக்கு அதிகம் பயன்படும். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும், பிறகு 1979 புரட்சி வரை தெஹ்ரானிலும் பணியாற்றிய இவர், குர்ஆனின் முக்கியச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஜாஹிலிய்யாக் கவிதையில் அதன் பொருள் என்ன, குர்ஆனுக்குள் வந்ததும் அது எப்படி மாறியது என்று காட்டினார். 'கரீம்' என்றால் அன்றைய அரபிக்கு உயர்குடிப் பிறப்பும், இருப்பதையெல்லாம் வாரியிறைக்கும் கொடைப் பெருமையும். குர்ஆன் அதே சொல்லை எடுத்து, அல்லாஹ்விடம் அக்ரம் ஆனவர் தக்வா உடையவர் என்றது. 'தக்வா' என்ற சொல்லும் அப்படியே. அஞ்சுகின்ற பொருளுக்கும் தனக்கும் நடுவில் ஒன்றை வைத்துத் தடுத்துக்கொள்வதுதான் பழைய பொருள்; வாளுக்கு எதிரே கேடயம் பிடிப்பதைப் போல. 'குஃப்ர்' முதலில் நன்றிகெட்ட தன்மை, ஷுக்ருக்கு எதிர்ச்சொல். பிறகுதான் ஈமானுக்கு எதிர்ச்சொல்லாக நின்றது. இதையெல்லாம் நம் முஃபஸ்ஸிர்கள் சொல்லவில்லையா என்றால், சொல்லியிருக்கிறார்கள். ராகிப் இஸ்ஃபஹானியின் 'முஃப்ரதாத்' நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று வலைபோல விரித்துக் காட்டியது இசுத்சுவின் தனித்தன்மை. ஜப்பானிய மாணவருக்கு மட்டுமல்ல, நமக்கும் அது உதவும்.

இசுத்சு முஸ்லிமாகவில்லை. 1993 ஜனவரியில் கமகுராவில் காலமானார். கடைசியில் இரகசியமாகக் கலிமாச் சொன்னார் என்றெல்லாம் கதை கட்ட வேண்டியதில்லை. ஒரு மனிதர் நம் வேதத்தை மரியாதையோடும் உழைப்போடும் படித்தார் என்றால், அதை அப்படியே ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வேண்டும்.

ஆனாலும் தொழுகையில் நிற்கும் ஒருவரின் கையிலிருந்து மொழிபெயர்ப்பு வர வேண்டும் என்ற ஏக்கம் ஜப்பானிய முஸ்லிம்களுக்கு இருந்தது. அதைத் தீர்த்தவர் மீதா ரியோய்ச்சி. 1892ல் யமாகுச்சி மாகாணத்தில் சாமுராய் மரபுக் குடும்பத்தில் பிறந்தார். வணிகவியல் படித்துச் சீனாவுக்குப் போய், சீன முஸ்லிம்களோடு பழகி அவர்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு 1941ல், ஏறத்தாழ ஐம்பது வயதில், பெய்ஜிங்கில் இஸ்லாத்தை ஏற்று உமர் மீதா ஆனார். போருக்குப் பின் நாடு திரும்பிச் சீன மொழி கற்பித்து வாழ்ந்தார். 1957ல் பாகிஸ்தான் சென்று தப்லீக் ஜமாஅத்தோடு பயணித்தார். அடுத்த ஆண்டு ஹஜ். 1960ல் ஜப்பான் முஸ்லிம் சங்கத்தின் தலைவர்.

மொழிபெயர்ப்பில் இவருக்குத் துணையாக நின்றவர் ஹாபிழ் அப்துர்ரஷீத் அர்ஷத் என்ற பாகிஸ்தானியப் பொறியாளர். அரபியையும் பொருளையும் அவர் விளக்க, மீதா ஜப்பானிய மொழியில் வடிப்பார். இருவரும் லாகூரிலும் பிறகு மக்காவிலும் அமர்ந்து வேலை செய்தார்கள். சவூதியில் நடந்த சாலை விபத்தில் அர்ஷத் இறந்துபோனார். மீதா காயத்தோடு தப்பினார். எழுபதைத் தாண்டிய வயது, கூட்டாளி கபுரில். வேறு யாராக இருந்தாலும் தாள்களைக் கட்டி வைத்திருப்பார்கள். மீதா தொடர்ந்தார். 1972ல், அவருக்கு எண்பது நெருங்கும்போது, அந்த மொழிபெயர்ப்பு வெளியானது. 1983ல் வஃபாத்தானார்.

பெயரிலேயே ஒரு வேறுபாடு உண்டு. ஐரோப்பிய உச்சரிப்பிலிருந்து வந்த 'கோரான்' என்பதுதான் இசுத்சுவின் நூலுக்குத் தலைப்பு. மீதா 'குரான்' என்று அரபி ஒலிக்கு நெருங்கி வந்தார். இப்போது வரும் பதிப்புகள் 'குருஆன்' என்றே எழுதுகின்றன. ஒரு நெடிலைச் சரிசெய்ய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. மீதாவின் மொழிபெயர்ப்பு அரபி மூலத்தோடு அருகருகே அச்சாகி, ஜப்பான் முஸ்லிம் சங்கத்தின் பதிப்பாக இன்றும் பள்ளிவாசல்களில் ஓதப்படுகிறது. இலக்கிய நயத்துக்கு இசுத்சுவையும் அமலுக்கு மீதாவையும் எடுப்பவர்கள் உண்டு.

படிப்புக்கோ வேலைக்கோ பிள்ளைகள் ஜப்பான் போகிற குடும்பங்கள் இப்போது நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. 1945 குண்டுவீச்சையும் 1995 நிலநடுக்கத்தையும் தாண்டி நிற்கும் கோபே பள்ளிவாசல். சன்னோமியா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பழைய கட்டடம் இடிக்கப்பட்டு 2000ல் துருக்கியப் பாணியில் மீண்டும் எழுந்த டோக்கியோ பள்ளிவாசல். யோயோகி உஎஹாரா நிலையத்துக்கு அருகில். மூன்றாவது, டோக்கியோவின் மேற்கே உள்ள தாமா மையவாடி. முதல் ஜப்பானிய ஹாஜியை மக்காவுக்கு அழைத்துச் சென்று, இசுத்சுவுக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுத்த அப்துர்ரஷீத் இப்ராஹீம் 1944ல் வஃபாத்தாகி அங்கேதான் அடங்கியிருக்கிறார்.