பொட்டாசியம்-42: பன்னிரண்டு மணி நேரச் சுவடு

பொட்டாசியம்-42 என்பது பொட்டாசியத்தின் செயற்கைக் கதிரியக்க ஐசோடோப்புகளுள் ஒன்று. இதன் அரை ஆயுட்காலம் 12.36 மணி நேரம். இன்று காலை கையில் இருப்பதில் பாதி இரவுக்குள் கால்சியமாகிவிடும். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் எண்ணூறில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். பள்ளிப் பாடங்களில் கார்பன்-14, கோபால்ட்-60, அயோடின்-131 ஆகியவற்றுக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் நரம்பு எவ்வாறு செய்தி கடத்துகிறது என்பதை அறிய இது செய்த உதவி சிறியதன்று.

பொட்டாசியத்துக்கு இயல்பாகவே சிறிது கதிரியக்கம் உண்டு என்பதை 1906இல் கேம்பெல், வுட் ஆகியோர் கண்டனர். அதற்குக் காரணம் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் அரை ஆயுள் கொண்ட பொட்டாசியம்-40. அது மிக மெதுவாகச் சிதைவதாலும், இயற்கைப் பொட்டாசியத்தில் 0.012 விழுக்காடே இருப்பதாலும், உடலுக்குள் பொட்டாசியத்தின் போக்குவரவைப் பின்தொடர எளிதில் உதவாது. விரைவாகச் சிதையும் ஒன்று தேவைப்பட்டது. 1935இல் கோபன்ஹேகனில் ஜார்ஜ் டி ஹெவெசி ஸ்காண்டியத்தை நியூட்ரான்களால் தாக்கிக் கதிரியக்கப் பொட்டாசியத்தைப் பெற்றார். ஸ்காண்டியம்-45 ஒரு நியூட்ரானை ஏற்று ஓர் ஆல்ஃபா துகளை வெளிவிட்டால் எஞ்சுவது பொட்டாசியம்-42. கதிரியக்க அணுக்களைச் சுவடறியப் பயன்படுத்தியமைக்காக ஹெவெசிக்கு 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அணு உலைகள் வந்தபின் தயாரிப்பு எளிதாயிற்று. இயற்கைப் பொட்டாசியத்தில் 6.7 விழுக்காடு உள்ள பொட்டாசியம்-41, உலையில் ஒரு நியூட்ரானைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியம்-42 ஆகிறது. அது பீட்டா சிதைவால் நிலையான கால்சியம்-42 ஆக மாறும். நூற்றில் சுமார் 82 சிதைவுகளில் 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றலுடன் எலக்ட்ரான் வெளிப்படும். மற்றவற்றில் பெரும்பாலும் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எலக்ட்ரானும், தொடர்ந்து 1.52 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரும் வரும். இத்தனை வலிய எலக்ட்ரான் நீரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் ஊடுருவக்கூடியது. எனவே உப்புநீரில் கிடக்கும் ஒரு நரம்பிழையிலிருந்து வருவதையும் கைகர் எண்ணியால் எண்ணிவிடலாம்.

இந்தப் பண்பைத்தான் ரிச்சர்ட் கெய்ன்ஸ் பயன்படுத்திக்கொண்டார். இவர் சார்லஸ் டார்வினின் கொள்ளுப்பேரர். நரம்புத் துடிப்பின்போது சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது என்று ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோர் மின் அளவீடுகளிலிருந்து முடிவுகட்டி வந்தனர். மின்னோட்டமானியோ எவ்வளவு மின்னூட்டம் சென்றது என்றுதான் சொல்லும். சென்றது எந்த அயனி என்று சொல்லாது. அதை அணுவையே எண்ணிக் காட்டவேண்டியிருந்தது. கெய்ன்ஸ், கணவாயின் தடித்த நரம்பிழையைப் பொட்டாசியம்-42 கலந்த கடல்நீரில் ஊறவைத்தார். பின் சாதாரணக் கடல்நீருக்கு மாற்றி மின்தூண்டல் கொடுத்தபோது கசிவு கூடியது. ஒரு துடிப்புக்கு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து சுமார் 4 பிக்கோமோல் பொட்டாசியம் வெளியேறுவது 1951இல் வெளியான அளவீடுகளில் தெரிந்தது. துடிப்பை விளக்க அந்த அளவு போதுமானது.

1955இல் ஹாட்ஜ்கினும் கெய்ன்சும் இன்னொரு வியப்பைக் கண்டனர். டைநைட்ரோஃபீனால் என்னும் நஞ்சைக் கொடுத்து, செல்லின் ஆற்றலால் நடக்கும் அயனிக் கடத்தலை அவர்கள் நிறுத்தினர். பின்னர், தானாக உள்ளே செல்லும் பொட்டாசியத்தையும் வெளியேறும் பொட்டாசியத்தையும் தனித்தனியே அளந்தனர். அயனிகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் சென்றால் இவ்விரண்டின் விகிதம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைக் கணக்கிடலாம். கிடைத்த விகிதமோ அதன் சுமார் 2.5ஆம் அடுக்காக இருந்தது. இரண்டு மூன்று அயனிகள் குறுகிய வழியில் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன என்றால்தான் இது பொருந்தும். சிறு உருண்டைகளை இரு அறைகளில் இட்டுக் குலுக்கி, இடையே நீண்ட குறுகிய பாதை இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று செய்தும் காட்டினார்கள். அயனிக் கால்வாய் என ஒன்றை எவரும் கண்ணால் காணாத காலம் அது. 1998இல் ராடரிக் மெக்கின்னன் குழு எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தை வெளியிட்டபோது, குறுகிய வழியில் அயனிகள் வரிசையாக நிற்பது தெரிந்தது.

மருத்துவத்திலும் பொட்டாசியம்-42 பயன்பட்டது. சிறிதளவைச் செலுத்தி, அது உடலில் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்த்து, உடலில் பரிமாறத்தக்க பொட்டாசியத்தின் அளவைக் கணித்தனர். ஆனால் தயாரித்த உடனே பயன்படுத்தியாக வேண்டும் என்பதால் உலைக்குத் தொலைவிலிருந்த மருத்துவமனைகளுக்கு இது ஏற்றதாயில்லை.

விந்தை என்னவென்றால், இன்று சில ஆய்வகங்கள் இதை விரட்டவே பாடுபடுகின்றன. காற்றிலுள்ள ஆர்கானில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் ஆர்கான்-42 மிகமிகச் சிறிதளவு உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 33 ஆண்டுகள். அது சிதைந்து பொட்டாசியம்-42 ஆகிறது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் நடந்த கெர்டா ஆய்வில் ஜெர்மானியக் கருவிகள் திரவ ஆர்கானில் மூழ்கியிருந்தன. அங்கே தேடிய அரிய சிதைவின் ஆற்றல் சுமார் 2.04 மெகா எலக்ட்ரான் வோல்ட். பொட்டாசியம்-42இன் எலக்ட்ரான்கள் அதைத் தாண்டுபவை என்பதால் பொய்க் குறிகள் எழுந்தன. மின்னூட்டம் பெற்ற பொட்டாசிய அயனிகள் கருவிகளின் மின்புலத்தால் ஈர்க்கப்பட்டு அருகில் சேர்ந்ததால் தொல்லை எதிர்பார்த்ததைவிட மிகுந்தது. முதலில் மெல்லிய செம்புத் தகடாலும், பின்னர் நைலான் உறையாலும் கருவிகளைச் சூழ்ந்து அயனிகளைத் தள்ளி நிறுத்தினார்கள்.