கழிவுநீர் வழிதலும் மின்னணு வரைபடமும்: தென்பெண்ணைப் பகுதி மக்களுக்கு

நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வரும் கழிவுநீர் கலந்த உபரிநீரையும் பெற்று, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக்காலத்தில் அணையிலிருந்து வெண்ணுரை பொங்குவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நுரை கண்ணுக்குத் தெரியும், நோய்க்கிருமி தெரியாது.

மழைநீர் புகுந்து குழாயின் கொள்ளளவு மீறும்போதும், அடைப்பு ஏற்படும்போதும் கழிவுநீர் ஆள்நுழைகுழி வழியே வழிந்து கால்வாயில் கலக்கிறது. குழாய்களின் பாதை, விட்டம், நில மட்டம், ஆள்நுழைகுழிகளின் இருப்பிடம் ஆகியவற்றை மின்னணு வரைபடத்தில் பதிந்தால், அடுத்த மழையில் எந்த இடம் வழியும் என்பதை முன்னரே கணித்துத் தூர்வார இயலும்.

இவ்வரைபடத்துடன் நோயாளிகளின் இருப்பிடத்தையும் பொருத்திப் பார்ப்பது மருத்துவத் துறையின் பணி. 1854-இல் இலண்டனில் மருத்துவர் ஜான் ஸ்நோ காலரா இறப்புகளைத் தெருவாரியாகக் குறித்தபோது, அவை ஒரு கைப்பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. இன்று ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் அதே முறை கணினி வழியே நடைபெறுகிறது.

இங்குதான் தங்கள் உதவி தேவை. அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குச் செல்பவர், அங்குக் குடித்த நீரால் நோயுற்று, ஊர் திரும்பிச் சிகிச்சை பெறுகிறார். வீட்டு முகவரி மட்டும் பதிவானால் வரைபடத்தில் புள்ளி அஞ்செட்டியில் விழும். ஓசூரில் உடைந்த குழாய் உடைந்தபடியே இருக்கும். எனவே பணியிடம், தங்கும் விடுதி, நீர் அருந்திய இடம், வெள்ளநீரில் நடந்த நாள் ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் கூறுங்கள். எலிக்காய்ச்சல் வெளிப்பட இரு வாரங்கள் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகலாம். மஞ்சள் காமாலைக்குச் சில வாரங்கள் ஆகும். பழைய தேதிகளும் பயன்படும்.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். தொழிற்சாலைக் கழிவின் உலோகங்களும் சோப்பு வேதிப்பொருள்களும் நீங்கா. ஆகவே நுரைத்த ஆற்றுநீரைக் காய்ச்சியும் குடிக்கலாகாது. காலில் புண் உள்ளோர், குறிப்பாக நீரிழிவு நோயாளிகள், அந்நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஹெப்படைட்டிஸ் 'இ' அவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம். நாட்டு மருந்து கொடுத்துக் காத்திருந்து, நினைவு தடுமாறிய பின் அழைத்து வருவதை இன்றும் காண்கிறோம்.

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள்.