அகவிலைப்படி

அகவிலைப்படி என்பது விலைவாசி ஏறும்போது சம்பளத்தின் மதிப்பு கரைவதை ஈடுகட்ட, அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் தரப்படும் தொகை. பஞ்சப்படி, கிராக்கிப்படி என்றும் வழங்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேரூன்றிய இது, ராணுவ அலுவலகங்களில் பணிபுரியும் சிவிலியன் எழுத்தர்களுக்கும் மரக்காணம் உப்பளங்களைக் கவனிக்கும் மத்திய உப்புத் துறை ஊழியர்களுக்கும் ஒரே விகிதத்தில் கிடைக்கிறது.

தோற்றம்

அகவிலைப்படி வேரூன்றுமுன், 1912-இல் கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 30 ரூபாய். 1939-இல் போர் மூண்டதும் விலைகள் ஏறின. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. ஆவடி போன்ற ராணுவத் தளங்களில் கணக்கும் சரக்குப் பதிவேடும் எழுதியவர்கள் சிவிலியன்களே. சம்பள விகிதத்தைத் தொடாமல், குறைந்த சம்பளக்காரர்களுக்கு உணவுப்படி என்ற பெயரில் அரசு தற்காலிக உதவி அளித்தது. ரயில்வே ஊழியர் கோரிக்கை குறித்து 1940-இல் பி. என். ராவ் நடத்திய விசாரணை இதற்கு வலுச் சேர்த்தது.

ஊதியக் குழுக்கள்

போர் முடிந்தும் விலை இறங்கவில்லை. 1946-இல் சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதல் மத்திய ஊதியக் குழு, குறைந்தபட்ச ஊதியத்தை 55 ரூபாயாக நிர்ணயித்தது: அடிப்படை 30, அகவிலைப்படி 25. ஏறக்குறைய பாதிச் சம்பளம் படியாகவே வந்தது. தற்காலிகம் என்ற பேச்சு அத்தோடு பொருளிழந்தது. ஏழாவது குழுவுக்குப் பின் குறைந்தபட்ச அடிப்படை 18,000 ரூபாய். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் 12 மாதச் சராசரியைக் கொண்டு ஜனவரியிலும் ஜூலையிலும் படி திருத்தப்படுகிறது.

போராட்டமும் போனசும்

இந்த உரிமை தானாக வந்ததல்ல. 1960 ஜூலையில் பாதுகாப்புத் துறை சிவிலியன்கள் உள்ளிட்ட மத்திய அரசு ஊழியர்கள், விலைக் குறியீட்டோடு இணைந்த படி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவசரச் சட்டத்தால் அரசு அதை ஒடுக்கியது. 1968 செப்டம்பர் 19-இல் மீண்டும் ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. 1974-இல் கூடுதல் படியில் பாதி கட்டாய வைப்பாகப் பிடிக்கப்பட்டது. கொரோனா காலத்தில் 18 மாதம் உயர்வு நிறுத்தப்பட்டது.

போனஸ் பிந்தி வந்தது. 1979-இல் ரயில்வேயில் உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ் தொடங்கி, ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் பரவியது. அத்திட்டத்தில் சேராத அலுவலக எழுத்தர்களுக்கு 30 நாள் தற்காலிக போனஸ் உண்டு. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு 7,000 ரூபாயே உச்சவரம்பு, அதை 30.4-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் கைக்கு வருவது 6,908 ரூபாய்.

மரக்காணத்தில்

உப்பளத் தொழிலாளர்களின் படி வேறு வழியில் வந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கூலியோடு அகவிலைப்படியும் சேர வழிசெய்தது. தமிழ்நாட்டில் அந்தப் படி ஆண்டுதோறும் ஏப்ரலில் திருத்தப்படுகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கினால் உப்பு வாரும் வேலை நிற்கும். தினக்கூலிக்காரருக்குக் கூலியோடு படியும் நின்றுபோகும். மத்திய அரசு எழுத்தருக்கோ மழை மாதத்திலும் படி உண்டு. விலைவாசி இருவருக்கும் ஒன்றே என்பதால், வேலை நிற்கும் மழைக்காலத்துக்குத் தினக்கூலிக்காரருக்கு ஈட்டுத்தொகை தருவதைச் சட்டபூர்வ உரிமையாக்குவதே இந்த வரலாற்றில் எஞ்சியிருக்கும் கடமை.