கையுறை யாருக்காக?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987 ஆகஸ்டில் மருத்துவமனை ஊழியர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பரிந்துரைகளை வெளியிட்டது. இன்றைய வார்டு நடைமுறைகள் பலவற்றுக்கு அதுவே மூலம். அதன் விதிகள் சிலவற்றைச் சுருக்கித் தந்து உரை சொல்கிறேன்.

எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கொள்க.

விசாரித்தோ உடலைச் சோதித்தோ யாருக்குத் தொற்று என்று உறுதியாக அறிய முடியாது என்பதே ஆவணம் சொல்லும் காரணம். இரத்தப் பரிசோதனையும் தொற்றிய முதல் வாரங்களில் 'நெகட்டிவ்' காட்டலாம். ஆகவே, கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் குறித்துக் கட்டிலை மூலைக்குத் தள்ளுகிறவர்கள் இந்த விதியை மீறுகிறார்கள். நோயாளிக்கு அவமானம், ஊழியருக்கோ, குறியில்லாத அடுத்த கட்டிலில் வெறுங்கையோடு இரத்தம் எடுக்கும் அசட்டுத் துணிச்சல்.

ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர், கையால் வளைக்காதீர்.

மருந்தைச் செலுத்தி முடித்த பிறகும் ஆபத்து இருக்கிறது. ஒரு கையில் மூடி, மறு கையில் ஊசி. சற்றுத் தவறினால் விரலில் ஏறும். பயன்படுத்திய ஊசியைப் போட, துளைக்க முடியாத பெட்டியை வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே வைக்கவும் ஆவணம் சொல்கிறது. நிர்வாகிகள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் போலும். பெட்டி தாழ்வாரக் கோடியில் இருந்தால் நர்ஸ் மூடியைத்தான் மாட்டுவார். எச்.ஐ.வி. இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 6 முதல் 30 சதவீதம். ஆனால் ஊழியர்கள் அஞ்சுவது முன்னதற்குத்தான்.

கையுறையைக் கழற்றியதும் கை கழுவுக.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். வேறு விளக்கம் தேவையில்லை.

வியர்வை, கண்ணீருக்கு இவ்விதிகள் பொருந்தா, இரத்தம் கலந்திருந்தாலொழிய.

இது 1988இல் சேர்த்த தெளிவுரை. நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கவும் சாப்பாட்டுத் தட்டை நீட்டவும் கையுறை வேண்டாம்.

ஊசி குத்திவிட்டால் உடனே உட்கொள்ள வேண்டிய தடுப்பு மருந்து 1987 ஆவணத்தில் இல்லை, பின்னால் வந்தது. குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, முடிந்தவரை சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, 28 நாள் உட்கொள்ள வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு, பயிற்சி, இந்த மருந்து மூன்றையும் தருவது மருத்துவமனையின் கடமை என்கிறது இந்தியாவின் 2017 எச்.ஐ.வி. சட்டம். ஊசிப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் துப்புரவுப் பணியாளருக்கும் அது பொருந்தும்.