மெல்பா லிஸ்டனின் கையெழுத்து

ஜாஸ் இசையின் சரித்திரம் பெரும்பாலும் தனி வாசிப்பின் சரித்திரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. எழுந்து நின்று வாசித்தவன் நினைவில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் எதை, எப்போது வாசிக்கவேண்டும் என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்த அரேஞ்சரின் பெயர் இசைத்தட்டின் உறையில் பொடி எழுத்தில் கிடக்கிறது. ராண்டி வெஸ்டனின் 'உஹுரு ஆஃப்ரிகா'வைப் பல வருஷங்கள் கேட்டிருந்தும் அதை வெஸ்டனின் சிருஷ்டி என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன். பொடி எழுத்தைப் படித்தது பிறகுதான். இந்தக் கவனக்குறைவு எனக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

மெல்பா லிஸ்டன் 1926-ல் மிஸ்ஸூரி மாநிலத்தின் கான்ஸஸ் சிட்டியில் பிறந்த கறுப்பினப் பெண். ஏழு வயதில் ட்ராம்போனின் தோற்றத்தில் மயங்கி, அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த வாத்தியத்தில் குழாயை நீட்டியும் இழுத்தும் ஏழு ஸ்தானங்களில் ஸ்வரங்களைப் பிடிக்கவேண்டும். ஸ்தானத்தைக் காட்டும் அடையாளம் எதுவும் குழாயில் கிடையாது, காதுதான் அளவுகோல். கடைசி ஸ்தானங்கள் எட்டாமல், தலையை ஒருபுறம் திருப்பிக்கொண்டு வாசித்திருக்கிறது குழந்தை. பெரிய வாத்தியக்குழுவில் ட்ராம்போன்களின் வேலை பெரும்பாலும் நடுக்குரல்களை நிரப்புவது. நடுவில் இருப்பவருக்கு மேலும் கீழும் நடப்பது கேட்கும். அரேஞ்சராவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்கமுடியாது என்று தோன்றுகிறது.

1937-ல் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. நாற்பதுகளில் ஜெரால்ட் வில்ஸனின் குழுவில் சேர்ந்து, அங்கேதான் எழுத்து வேலையிலும் தேர்ந்தார். அந்தக் குழு கலைந்தபின் டிஸ்ஸி கில்லெஸ்பியிடம் வாசித்தார். 1949-ல் பில்லி ஹாலிடேயுடன் தென் மாநிலங்களுக்குப் போன சுற்றுப்பயணம் கூட்டமின்றி, பணமின்றித் தோல்வியில் முடிந்தது. மெல்பா ட்ராம்போனை வைத்துவிட்டுக் கல்வித் துறையில் குமாஸ்தா வேலைக்குப் போனார். இடையில் சினிமாவில் துணை வேஷம். ஹாலிவுட் அவர் கையில் கொடுத்தது ட்ராம்போனை அல்ல, ஹார்ப்பை! 1956-ல் வெளிவந்த 'பத்துக் கட்டளைகள்' படத்தின் அரண்மனை வாத்தியக்காரர்களில் அவரும் ஒருவர். சுற்றுப்பயணங்களில் தான் அனுபவித்த பாலியல் வன்முறையைப் பற்றிப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். குமாஸ்தா நாற்காலியை அவர் விரும்பியதன் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

அதே 1956-ல் கில்லெஸ்பி மறுபடி அழைத்தார். பனிப்போர்க் காலம். அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸைத் தூது அனுப்பியது. குழு கராச்சி, டாக்கா, பெய்ரூட் என்று போயிற்று. சொந்த நாட்டின் தென்பகுதியில் வெள்ளையர்களோடு ஒரே ஹோட்டலில் தங்கமுடியாதவர்களை வைத்து ஜனநாயகத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்ட பயணம் அது. அதற்கும் முன்னால் குழுவுக்குள்ளேயே ஒரு பிரச்னை. ஒரு பெண்ணை எதற்காக இத்தனை தூரத்திலிருந்து வரவழைக்கவேண்டும் என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். அவர் எழுதிவந்த பக்கங்களை வாசிக்க முயன்று தடுமாறியபிறகுதான் அந்த முணுமுணுப்பு அடங்கியது. அவர் வாதாடவில்லை, காகிதம் பேசியது.

'உஹுரு ஆஃப்ரிகா' 1960 நவம்பரில் பதிவாயிற்று. ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் சுதந்திரம் பெற்ற வருஷம். லாங்ஸ்டன் ஹ்யூஸ் வார்த்தைகளைத் தந்தார்; வெஸ்டன் மெட்டுகளைத் தந்தார். பியானோவில் இரண்டு கைகளுக்குள் இருந்ததை ஒரு பெருங்குழுவின் மூச்சாக மாற்றியது மெல்பா. வெஸ்டனின் இசையில் இடைவெளிகள் அதிகம். கனமான தாழ்ந்த ஸ்வரங்கள், பிறகு மௌனம். சாதாரண அரேஞ்சர் அந்த மௌனங்களை அடைத்துவிடுவார். மெல்பா அவற்றைக் காப்பாற்றினார். தாளவாத்தியங்கள் பேசும்போது ஊதுவாத்தியங்கள் காத்திருக்கின்றன. பிறகு ஒரே திணிவாக எழுகின்றன. 1964-ல் தென்னாப்பிரிக்க அரசு இந்த இசைத்தட்டைத் தடைசெய்தது.

இத்தகையவர்களைத் 'தன்னை மறைத்துக்கொண்ட கலைஞர்' என்று புகழ்வது நம் வழக்கம். எனக்கு இந்தப் புகழ்ச்சியில் நம்பிக்கையில்லை. மெல்பா கூச்ச சுபாவம் உள்ளவர் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு சுபாவம், எவ்வளவு நிர்ப்பந்தம் என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? அடக்கம் என்று பெயரிட்டுவிட்டால் மறைத்தவர்களின் பொறுப்பு தீர்ந்துபோகிறது. 1958-ல், ட்ராம்போன்களை மையமாக வைத்து, தன் பெயரிலேயே ஒரு இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அதில் அவர் வாசிப்பைக் கேட்பவர்கள், முன்னால் நிற்கத் தெரியாதவர் அவர் என்று சொல்லமாட்டார்கள். அவர் தலைமையில் பதிவான ஆல்பம் அது ஒன்றுதான்.

எழுபதுகளில் ஜமைக்காவில் கற்பித்தார். 1979-ல் கான்ஸஸ் சிட்டியின் பெண்கள் ஜாஸ் விழாவுக்காகத் திரும்பிவந்து சொந்தக் குழு அமைத்தார். 1985-ல் பக்கவாதம் வந்து, ட்ராம்போன் ஒரேயடியாக நின்றது. எழுத்து நிற்கவில்லை. கம்ப்யூட்டரின் துணையோடு, வேலை செய்த ஒரு கையால், வெஸ்டனுக்குத் தொடர்ந்து எழுதினார். 1991-ல் பதிவான 'நமது முன்னோர்களின் ஆவிகள்' அப்படி உருவானது. 1993-ல் வந்த 'வால்கேனோ ப்ளூஸ்' உறையில் வெஸ்டனின் பெயருடன் மெல்பா லிஸ்டன் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. 1999 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

உஹுரு பதிவாகி அந்த உறை வர முப்பத்துமூன்று வருஷங்கள் ஆகியிருக்கின்றன. இப்போது 'உஹுரு ஆஃப்ரிகா'வைக் கேட்கும்போது தனி வாசிப்புகள் எனக்குக் கொஞ்சம் பின்னால் போய்விடுகின்றன. அவற்றுக்குக் கீழே நகரும் நடுக்குரல்களைத்தான் காது பின்தொடர்கிறது.